மாற்றுப்பெயரும் பிசிறுநீக்கியும்

நுழையும்முன்

ஒரு பொருளுக்குப் பல பெயர் இருத்தலும், பல பொருளுக்கு ஒரே பெயர் இருத்தலும் மொழியின் இயல்பு. இவ்விரண்டையும் தமிழ் இலக்கணம் வகுத்துக் கூறியுள்ளது. நிகண்டு நூல்கள் தொகுத்துத் தந்துள்ளன. மனிதர் எழுதும் கணினி நிரலிலும் இதே இயல்பு காணப்படுகிறது. அங்கே பெயர் பிறழ்ந்தால் நிரல் நின்றுவிடும், அல்லது நிற்காமல் தவறான விடை தரும். அப்பிறழ்ச்சியை முன்கூட்டியே காட்டுவதற்குக் கருவிகள் உள்ளன. அக்கருவிகளுக்கு நாம் வழங்கும் பெயர்களை அறிவிக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

வழி சொல்லும் இருவகை

மதுரை மாநகரின் தென்பகுதியில், தெற்குவாசலிலிருந்து அவனியாபுரம் செல்லும் சாலையில் அமைந்துள்ளது வில்லாபுரம். அங்கிருந்து மீனாட்சியம்மன் கோயிலுக்கு வழி கேட்கும் புதியவர் ஒருவருக்கு இருவகையில் விடை கூறலாம். 'இங்கிருந்து வடக்கே செல்க. பாலத்தில் ஏறி இறங்குக. முதலில் வரும் வீதியைக் கடந்து, அடுத்த வீதியையும் கடந்து, அதற்கடுத்த வீதியையும் தாண்டுக' என்பது ஒருவகை. 'தெற்குச் சித்திரை வீதிக்குச் செல்க' என்பது மற்றொரு வகை.

முதல்வகை விடை, கேட்பவர் நிற்கும் இடத்தைச் சார்ந்தது. அதே விடையைச் சிம்மக்கல்லில் நிற்பவருக்குச் சொன்னால் அவர் கோயிலை அடையார். இரண்டாம் வகை விடை எவ்விடத்தில் நிற்பவருக்கும் பொருந்தும். கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என வீதிகள் ஒன்றையொன்று சூழ்ந்து அமைந்திருப்பதும், ஒவ்வொன்றும் திசையால் நான்காகப் பிரிக்கப்பட்டுப் பெயர் பெற்றிருப்பதும் மதுரைக்கு வாய்த்த நலமாகும். பெயரைச் சொன்ன அளவிலேயே இடம் விளங்கிவிடும்.

எனினும் பெயரும் நடப்பும் எக்காலத்தும் ஒத்திருக்கும் என்று எண்ணுதல் கூடாது. சித்திரைத் திருவிழாவின் தேர் இன்று வலம்வருவது சித்திரை வீதிகளில் அன்று, மாசி வீதிகளில். பெயர் பழைய ஏற்பாட்டைச் சொல்கிறது, நடப்பு மாறிவிட்டது. மதுரையில் வாழ்வோருக்கு இது குழப்பம் தருவதில்லை. பெயரை மட்டுமே அறிந்து வரும் வெளியூரார் தேரைத் தேடிச் சித்திரை வீதியில் நிற்க நேரும். நிரலில் இடப்படும் பெயர்களுக்கும் இந்நிலை வருவதுண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

பிசிறு

சி மொழியில் எழுதப்படும் நிரல்களைச் சோதிப்பதற்காக அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஜான்சன் ஒரு கருவியை உருவாக்கினார். அதனைப் பற்றிய அவரது அறிக்கை 1978ஆம் ஆண்டில் வெளிவந்தது. அக்கருவிக்கு அவர் இட்ட பெயர் 'லிண்ட்'. ஆடையில் ஒட்டிக்கொள்ளும் பஞ்சுப் பிசிறு என்பது அச்சொல்லின் பொருள்.

பஞ்சாலைகளும் கைத்தறிகளும் நிறைந்த மதுரைப் பகுதியில் பிசிறு என்றால் விளக்கம் வேண்டுவதில்லை. நெய்த துணி கிழியாமல் இருக்கலாம். நீள அகலம் சரியாக இருக்கலாம். சாயமும் நன்கு ஏறியிருக்கலாம். ஆயினும் பிசிறு நீங்காத துணி விலைபோகாது. நிரலும் அத்தன்மையதே. இயங்குகின்ற நிரல் அனைத்தும் செம்மையான நிரல் ஆகிவிடாது. எடுத்து வைத்துப் பயன்படுத்தாத மாறி, எட்டாத இடத்தில் எழுதிய கட்டளை, எங்கும் அறிவிக்கப்படாத பெயர் முதலியன நிரலில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிசிறுகள். நிரலை இயக்காமல், எழுத்தை மட்டும் படித்து இவற்றைச் சுட்டுவது அக்கருவியின் பணி. இவ்வினத்துக் கருவிகளைப் 'பிசிறுநீக்கி' என்று வழங்கலாம். நீக்குதல் என்பதைவிடச் சுட்டுதலே இவற்றின் முதன்மைப் பணியாயினும், நாவிற்கு எளிதான பெயர் நிலைத்துவிடுவது வழக்கம்.

இன்று ஒவ்வொரு நிரல்மொழிக்கும் தனித்தனிப் பிசிறுநீக்கிகள் உள்ளன. பைத்தான் மொழிக்குப் பைலிண்ட், ரஃப் ஆகியன பரவலாகப் பயன்படுகின்றன. ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு நிக்கோலஸ் சக்காஸ் 2013ஆம் ஆண்டில் உருவாக்கிய ஈஎஸ்லிண்ட் பெரிதும் வழங்குகிறது. தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் பயில்வோர் பைத்தானையே கற்பதால், இப்பாடமும் பெரும்பாலும் அம்மொழியைச் சார்ந்தே செல்கிறது.

நிரல்தொகுதியும் மாற்றுப்பெயரும்

ஒருவர் எழுதிய செயற்கூறுகளை மற்றொருவர் மீண்டும் எழுதாமல் பயன்படுத்திக்கொள்வதற்காகத் தொகுத்து வைத்த கோப்பு, நிரல்தொகுதி எனப்படும். அதனைத் தம் நிரலுக்குள் வரவழைக்க 'இம்போர்ட்' என்னும் கட்டளை உதவுகிறது. வரைபடம் வரைவதற்குரிய தொகுதியின் முழுப்பெயர் 'மேட்பிளாட்லிப்.பைபிளாட்'. ஒவ்வொரு வரியிலும் இதனை முழுமையாக எழுதுவது கைக்கும் கண்ணுக்கும் சுமை. ஆகவே 'ஆஸ்' என்னும் சொல்லைச் சேர்த்து, 'இத்தொகுதியை இந்நிரலில் பிஎல்டி என அழைப்பேன்' என்று நிரலர் அறிவித்துவிடுகிறார். அவ்வாறு அறிவிக்கப்படும் பெயரே மாற்றுப்பெயர். எண் அணிகளைக் கையாளும் நம்பை 'என்பி' ஆவதும், அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் 'பிடி' ஆவதும் இவ்வகையே.

'பிஎல்டி' என்பது காரணப்பெயரா, இடுகுறிப்பெயரா என்னும் வினா இங்கு எழலாம். முழுப்பெயரின் எழுத்துகளிலிருந்து பிறந்ததால் தோற்றத்தில் அது காரணப்பெயர். ஆனால் ஒருவர் அதே தொகுதிக்கு 'கிளி' என்று பெயரிட்டாலும் பைத்தான் மறுக்காது; அப்பெயரை ஏற்று நிரலை இயக்கும். பைத்தானைப் பொறுத்தவரை மாற்றுப்பெயர் யாவும் இடுகுறியே. காரணம் தேவைப்படுவது அந்நிரலைப் பின்னர்ப் படிக்கும் மனிதருக்கு.

வில்லாபுரத்தில் பயிலும் மாணவர் மூவர், தம் பகுதித் தெருப்பெயர்களைத் திரட்டி, ஒவ்வொரு பெயரிலும் எத்தனை எழுத்துகள் உள்ளன எனக் கணக்கிடும் நிரலை எழுதுகின்றனர் என்று கொள்வோம். தமிழ் எழுத்துகளை எண்ணுவது தோன்றும் அளவுக்கு எளிதன்று. 'தமிழ்' என்னும் சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் நேரடியாகக் கேட்டால், ஐந்து என்று விடை வரும். தகரம், மகரம், இகரத்தின் குறி, ழகரம், புள்ளி என்று ஒருங்குறியில் ஐந்து குறியீடுகள் இருப்பதே காரணம். இலக்கணம் கூறும் விடை மூன்று. இவ்வேறுபாட்டைத் தீர்க்க 'ஓப்பன் தமிழ்' என்னும் கட்டற்ற நிரல்தொகுப்பு உள்ளது. தமிழ்ச்சொற்களைக் கட்டளைகளாகக் கொண்ட 'எழில்' என்னும் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை முதலானோரின் முயற்சியில் அது வளர்ந்தது. அதனுள் 'தமிழ்' என்று பொருள்படும் பெயரிலேயே ஒரு தொகுதி உண்டு. சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் செயற்கூறு அதில் அமைந்துள்ளது.

மூவரும் அத்தொகுதியைத் தத்தம் கோப்பில் வரவழைக்கின்றனர். முதலாமவர் 'தமிழ்' என்றும், இரண்டாமவர் 'த' என்றும், மூன்றாமவர் 'டிஎம்' என்றும் மாற்றுப்பெயர் இடுகின்றனர். தனித்தனியே மூன்று கோப்புகளும் நன்கு இயங்குகின்றன. முதலாமவர் கோப்பிலிருந்து நான்கு வரிகளை இரண்டாமவர் தம் கோப்பில் எடுத்து ஒட்டும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. இரண்டாமவர் கோப்பில் 'தமிழ்' என ஒரு பெயர் அறிவிக்கப்படவே இல்லை. பைத்தான் அப்பிழையை எப்போது சொல்லும்? அவ்வரி இயங்கும்போதுதான். ஒட்டப்பட்ட வரிகள், தெருப்பெயர் எதுவும் கிடைக்காத வேளையில் மட்டும் இயங்குவனவாக இருப்பின், பிழை பல நாள் உறங்கிக் கிடந்து, பள்ளிக் கண்காட்சியில் அனைவர் முன்னிலையிலும் விழித்தெழும். பிசிறுநீக்கியோ நிரலை இயக்காமலேயே, 'இப்பெயர் அறிவிக்கப்படவில்லை' என வரி எண்ணோடு சுட்டிவிடும்.

தெரிந்து தெளிவோம்

நன்னூல் திரிசொல்லை இருவகையாகக் கொள்ளும். கிள்ளை, தத்தை, சுகம் ஆகியன கிளி என்னும் ஒரு பொருளைக் குறிப்பதால் ஒருபொருள் குறித்த பலசொல். வாரணம் என்பது யானை, கோழி, சங்கு முதலியவற்றைக் குறிப்பதால் பலபொருள் குறித்த ஒருசொல். ஒரே தொகுதிக்கு மூவர் மூன்று பெயரிடுவது முதல்வகையை ஒக்கும். இருவேறு தொகுதிகளுக்கு ஒரே பெயர் அமைந்துவிடுவது இரண்டாம் வகையை ஒக்கும். நிரலில் பின்னதே பெருங்கேடு.

கருவிக்கு ஒரு நிகண்டு

அறிவிக்கப்படாத பெயரைக் கண்டுபிடிப்பது பிசிறுநீக்கிக்கு எளிது. ஆனால் மூவரும் ஒரே மாற்றுப்பெயரை வழங்க வேண்டும் என்பது அம்மூவரின் உடன்பாடு. அதனைக் கருவி தானே அறியாது. ஆகவே அவ்வுடன்பாட்டை எழுதி அதனிடம் தர வேண்டும். எழுதி வைக்கும் இடம் அமைவுக் கோப்பு எனப்படும்.

தமிழில் இதற்கு நெடுங்காலத்திற்கு முன்பே ஒரு முன்மாதிரி உண்டு. திவாகர நிகண்டு பன்னிரண்டு தொகுதிகளைக் கொண்டது. முதற்பத்துத் தொகுதிகள் தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் எனப் பகுத்து, ஒவ்வொரு பொருளுக்கும் வழங்கும் பல பெயர்களைத் தருகின்றன. பதினோராம் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தருகிறது. செய்யுள் இயற்றுவோரும் உரை காண்போரும் ஒரே நிகண்டைக் கையில் வைத்திருந்ததால், எழுதியவர் எண்ணிய பொருள் படித்தவருக்கும் எட்டியது. அமைவுக் கோப்பும் ஒரு சிறு நிகண்டே. வேறுபாடு ஒன்று உண்டு. நிகண்டு பல பெயர்களையும் வரவேற்கும். அமைவுக் கோப்பு ஒன்றை மட்டும் ஏற்று மற்றவற்றை விலக்கும்.

ரஃப் கருவியில் மாற்றுப்பெயர் மரபைக் காக்கும் விதிகள் 'ஐசிஎன்' என்னும் குறியீட்டால் வழங்குகின்றன. அமைவுக் கோப்பில் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு வரி எழுதப்படும். இடப்புறம் தொகுதியின் முழுப்பெயரும், சமக்குறிக்கு வலப்புறம் அதற்குரிய மாற்றுப்பெயரும் அமையும். நம்பை, பாண்டாஸ் போன்ற புகழ்பெற்ற தொகுதிகளுக்கு உலகெங்கும் வழங்கும் மாற்றுப்பெயர்கள் கருவிக்குள்ளேயே முன்னரே பதிந்துள்ளன. பாண்டாஸை மாற்றுப்பெயரின்றி வரவழைத்தாலும், 'பிடி' அல்லாத வேறு பெயரில் வரவழைத்தாலும் கருவி சுட்டிக்காட்டும்.

இங்கே கற்போர் பெரும்பாலும் இடறும் இடங்கள் இரண்டு. தம் பட்டியலைச் சேர்க்க இருவேறு அமைப்புகள் கருவியில் உள்ளன. 'அலையசஸ்' என்னும் தலைப்பின்கீழ் எழுதினால், முன்பு பதிந்திருந்த பட்டியல் முழுவதும் நீங்கி, எழுதியது மட்டுமே எஞ்சும். 'எக்ஸ்டெண்ட் அலையசஸ்' என்னும் தலைப்பின்கீழ் எழுதினால், பழைய பட்டியலோடு புதியது சேரும். முன்னது பழைய நிகண்டைக் களைந்து புதிதாக ஒன்று யாத்தல். பின்னது பழையதன் இறுதியில் சில சூத்திரங்களைக் கூட்டுதல். வில்லாபுரத்து மூவருக்குத் தேவை இரண்டாவது. தமிழ்த் தொகுதிக்கு ஒரு பெயரைச் சேர்ப்பதே அவர்கள் நோக்கம். பாண்டாஸின் பெயர்மரபை நீக்குவது அன்று. வேறுபாட்டை அறியாமல் முதல் தலைப்பில் எழுதிவிட்டால், பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. கருவி முன்னிலும் அமைதியாக இருக்கும். அவ்வமைதியை வெற்றி என்று எண்ணி மகிழ்வோர் பலர்.

இரண்டாவது இடறல் இதனினும் எளிது; ஆகவே இதனினும் மிகுதி. பட்டியலைப் பிழையின்றி எழுதியபின்னும், ஐசிஎன் விதிகளைத் தேர்ந்தெடுத்ததாக அமைவுக் கோப்பில் குறிப்பிடாவிடில் கருவி அப்பட்டியலைப் பார்ப்பதே இல்லை. சட்டம் இயற்றப்பட்டது, நடைமுறைக்கு வரும் நாள் அறிவிக்கப்படவில்லை என்பது போன்ற நிலை அது. அமைவுக் கோப்பை எழுதி முடித்தவுடன், வேண்டுமென்றே ஒரு பிழையான மாற்றுப்பெயரை இட்டுக் கருவி அதனைச் சுட்டுகிறதா எனப் பார்த்துவிடுவதே இதற்கு மருந்து. சுட்டாத கருவி உறங்குகிறது என்று பொருள்.

மாட்டுத்தாவணிச் சிக்கல்

மதுரையின் பெரிய பேருந்து நிலையத்திற்கு எம்.ஜி.ஆர். பேருந்து நிலையம் என்பது முறையான பெயர். மக்கள் வழங்கும் பெயர் மாட்டுத்தாவணி. தாவணி என்பது கால்நடைச் சந்தையைக் குறிக்கும் சொல். வில்லாபுரத்தில் பேருந்து ஏறுபவர் 'மாட்டுத்தாவணி' என்று சொல்ல, நடத்துநர் சீட்டுத் தருகிறார். இருவருக்கும் இடையே குழப்பம் இல்லை. முறையான பெயர்கள் மட்டும் அச்சிட்ட பட்டியலைக் கையில் ஏந்திய ஆய்வாளர் ஒருவர் அப்பேருந்தில் ஏறுவதாகக் கொள்வோம். அவர் பட்டியலில் மாட்டுத்தாவணி இல்லை. 'இல்லாத ஊருக்குச் சீட்டு வழங்கப்பட்டுள்ளது' என்று அவர் குறித்துக்கொள்வார். பயணியிடம் தவறில்லை, நடத்துநரிடம் தவறில்லை, ஆய்வாளரும் தம் பட்டியலின்படியே நடந்துகொண்டார். பட்டியல் முழுமை பெறாமையே தவறு.

ஜாவாஸ்கிரிப்ட் நிரலர்கள் அடிக்கடி எதிர்கொள்வது இச்சிக்கலையே. அம்மொழியில் ஒரு கோப்பிலிருந்து மற்றொரு கோப்பை அழைக்கும்போது, இருக்கும் கோப்புறையிலிருந்து ஒருபடி மேலே, மேலும் ஒருபடி மேலே, பின் பக்கத்துக் கோப்புறைக்குள் என்று வழி எழுத வேண்டியுள்ளது. 'பாலத்தில் ஏறி இறங்கி மூன்றாம் வீதி' என்பது போன்ற வழிதான் இதுவும். கோப்பினை இடம்பெயர்த்தால் எல்லா வழிகளும் பிறழும். ஆகவே முதன்மைக் கோப்புறைக்கு ஒரு குறியை மாற்றுப்பெயராக இட்டு, எவ்விடத்திலிருந்தும் அப்பெயரால் அழைப்பர். நிரலைத் திரட்டி இயக்கத்திற்கு ஆயத்தம் செய்யும் கருவி நடத்துநரைப் போன்றது. அதன் அமைவுக் கோப்பில் இம்மாற்றுப்பெயர் எழுதப்பட்டிருப்பதால் நிரல் குறையின்றி இயங்குகிறது. ஈஎஸ்லிண்ட் ஆய்வாளரைப் போன்றது. தொகுதிகளை வரவழைக்கும் வரிகளைச் சோதிக்க அதனோடு இணைக்கப்படும் துணைச்செருகி, அப்பெயருக்குரிய கோப்பைத் தேடும். கிடைக்காதபோது 'இத்தொகுதி எங்கும் இல்லை' என்று சரியான வரியின்கீழ்ச் சிவப்புக் கோடு இடும்.

தீர்வு, ஆய்வாளரின் பட்டியலிலும் மாட்டுத்தாவணியைச் சேர்த்துவிடுவதே. பெயருக்குரிய இடத்தைக் கண்டுதரும் 'ரிசால்வர்' என்னும் சிறு துணைநிரலை நிறுவி, எந்த மாற்றுப்பெயர் எந்தக் கோப்புறையைக் குறிக்கிறது என்பதை ஈஎஸ்லிண்டின் அமைவுக் கோப்பில் எழுத வேண்டும். டைப்ஸ்கிரிப்ட் மொழியில் எழுதுவோர், அம்மொழிக்குரிய அமைவுக் கோப்பில் மாற்றுப்பெயர்களை முன்னரே எழுதியிருப்பர். அதனையே படித்துக்கொள்ளும் ரிசால்வர் ஒன்றும் கிடைக்கிறது. ஒரே செய்தியை இரண்டு இடங்களில் எழுதுவதைக் காட்டிலும், ஓரிடத்தில் எழுதியதை மற்றொரு கருவி படித்துக்கொள்வது மேலானது. இரண்டு இடங்களில் எழுதினால், ஒன்றைத் திருத்தி மற்றொன்றை மறக்கும் நாள் கட்டாயம் வரும். சித்திரைத் தேர் மாசி வீதியில் ஓடும் நிலை அப்போது தோன்றும். மாற்றுப்பெயர் ஒரு கோப்புறையைச் சொல்லும், உண்மையான கோப்புகள் வேறிடத்தில் இருக்கும்.

இவ்வளவு பாடு எதற்கு, சிவப்புக் கோட்டைப் பொருட்படுத்தாமல் விட்டுவிட்டால் என்ன என்று தோன்றலாம். பலர் அவ்வாறே செய்கின்றனர். புலி வருகிறது என்று பலமுறை பொய்யாகக் கூவிய சிறுவனின் கதை இங்கே நினைவிற்கு வரும். சரியான வரிகள் நாற்பதின்கீழ்ச் சிவப்புக் கோடு கிடக்கும் கோப்பில், உண்மையாகவே தவறான நாற்பத்தோராம் வரியை எவர் கண் காணும்? சலிப்படைந்த குழு, விதியையே முழுமையாக அணைத்துவிடுவதும் உண்டு. அணைத்த விதியை மீண்டும் ஏற்றுவோர் அரியர்.

பெயர் மயக்கம்

ஒரு பெயர் இரு தொகுதிகளைக் குறிக்க நேர்வது எவ்வளவு பெரிய தீங்கு என்பதற்கு 2021ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று சான்று. அலெக்ஸ் பிர்சன் என்னும் பாதுகாப்பு ஆய்வாளர், நிறுவனங்கள் தம் உள்வழக்கிற்கு மட்டும் வைத்திருந்த தொகுதிகளின் பெயர்களைக் கண்டறிந்தார். அதே பெயர்களில், தீங்கு விளைவிக்காத தொகுதிகளைப் பொதுக் களஞ்சியங்களில் பதிவேற்றினார். 35க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் கணினிகள், தம் வீட்டுத் தொகுதியை விடுத்து அவர் பதிவேற்றிய தொகுதியை எடுத்துக்கொண்டன. நோக்கம் நல்லதாக இருந்ததால் அவருக்குப் பரிசுத்தொகை கிடைத்தது. நோக்கம் தீயதாக இருந்திருப்பின், விளைவு வேறாக இருந்திருக்கும்.

அத்துணைப் பெரிய நிறுவனங்கள் வேண்டா. பள்ளிக் கணினி ஆய்வகத்திலேயே இம்மயக்கம் நாள்தோறும் நிகழ்கிறது. 'சிஎஸ்வி' கோப்புகளைப் பற்றிய பாடத்தைப் பயிலும் மாணவர், தம் பயிற்சி நிரலைச் 'சிஎஸ்வி' என்னும் பெயரிலேயே சேமிக்கிறார். அடுத்து அதே பெயருள்ள பைத்தான் தொகுதியை வரவழைக்கிறார். பைத்தான் முதலில் தேடுவது நிரல் இருக்கும் கோப்புறையை. அங்கே மாணவரின் கோப்பே கிடைத்துவிடுவதால், அது தன்னையே வரவழைத்துக்கொண்டு, 'படிக்கும் செயற்கூறு இல்லை' எனக் குறைகூறுகிறது. பாடநூலில் உள்ளவாறே எழுதியும் இயங்கவில்லையே என்று மாணவர் திகைக்கிறார். பிழை, எழுதிய வரிகளுள் இல்லை. சேமித்த பெயரில் உள்ளது. ஓப்பன் தமிழைப் பயன்படுத்துவோர் தம் கோப்பிற்கு அதன் தொகுதிப் பெயரையே இடுவதும் இத்தகையதே.

தமிழில் பெயரிடலாமா?

பைத்தானின் மூன்றாம் பதிப்பு 2008ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது முதல், குறிப்பெயர்களைத் தமிழிலும் எழுதலாம். மாறிக்குத் 'தெரு' என்றும், செயற்கூறுக்கு 'எண்ணு' என்றும், தொகுதிக்குத் 'தமிழ்' என்றும் பெயரிட்டால் பைத்தான் ஏற்கும். ஆனால் பைலிண்ட் ஏற்காது. ஆங்கில எழுத்து முதலிய அடிப்படைக் குறியீடுகள் அல்லாதவை குறிப்பெயரில் வந்தால் அது சுட்டும். வரவழைக்கும் தொகுதியின் பெயர் பிறமொழி எழுத்தில் அமைந்தால், அடிப்படைக் குறியீடுகளால் ஆன மாற்றுப்பெயரை இடுமாறு அறிவுறுத்தும். வில்லாபுரத்து மூவருள் முதலாமவர் இட்ட 'தமிழ்' என்னும் பெயர் இங்குக் குறையாக எண்ணப்படுகிறது.

இதனை மொழிமீதுள்ள வெறுப்பு என்று கொள்ளுதல் பொருந்தாது. உலகோர் பலரும் கூடி எழுதும் நிரலில், எல்லோரும் தட்டச்சு செய்யவும் படிக்கவும் இயலும் எழுத்தையே பயன்படுத்துவது நலம் என்பது பைத்தான் சமூகத்தின் பொதுக்கருத்து. அதற்குமேல், தமிழ் எழுத்திற்கே உரிய சில நுட்பங்களும் கவனத்திற்குரியன.

'கொடை' என்னும் சொல்லின் முதலெழுத்தை ஒருங்குறியில் இருவகையாக எழுதலாம். ககரத்தின்பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாக இடுவது ஒன்று. ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே இடுவது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். குறிப்பெயர்களைப் பைத்தான் இயல்பாக்கம் செய்து ஒரே வடிவிற்குக் கொணர்வதால், நிரலுக்குள் இவ்விரண்டும் ஒரே பெயராகிவிடும். கோப்பின் பெயருக்கு அப்பாதுகாப்பு இல்லை. பிரித்தெழுதிய வடிவில் சேமித்த கோப்பை, லினக்ஸ் கணினியில் சேர்த்தெழுதிய பெயரால் தேடினால் கிடைக்காது.

'ஔவை' என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். ஔகாரம் ஓரெழுத்து. அதற்கு மாறாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டச்சு செய்வோர் மிகப் பலர். அச்சிட்ட நூல்களிலும் இப்பிழை காணப்படும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. இயல்பாக்கமும் இவற்றை இணைக்காது. 'ஸ்ரீ' என்னும் எழுத்தை ஸகரத்தால் தொடங்கியும், ஶகரத்தால் தொடங்கியும் எழுத இயல்வதும் இவ்வாறே மயக்கம் தரும். தமிழ் எண் ஒன்றும் (௧) ககரமும் வடிவில் ஒத்திருப்பதைச் சொல்லவே வேண்டா. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கி, தமிழ் நூல்களை மின்வடிவில் தந்துவரும் மதுரைத் திட்டம், முன்பு டிஸ்கி என்னும் குறியேற்றத்தில் வெளியிட்டுப் பின்னர் ஒருங்குறிக்கு மாற வேண்டியிருந்ததையும் இங்கு நினைவுகூரலாம். எழுத்தும் குறியீடும் ஒன்றல்ல என்பதைத் தமிழ்க் கணிமை தொடக்கமுதல் உணர்ந்துள்ளது.

ஆகவே தமிழில் பெயரிடுதல் கூடாது என்று முடிவுகட்ட வேண்டுவதில்லை. நிரலாக்கத்தைப் புதிதாகக் கற்கும் மாணவருக்குத் 'தெரு', 'எண்ணு' என்னும் பெயர்கள் தரும் தெளிவு, புரியாத ஆங்கிலச் சுருக்கங்களால் கிடைப்பதில்லை. கோப்புகளின் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு, மாறிகளையும் மாற்றுப்பெயர்களையும் தமிழில் இடுவது தக்க வழி. அதற்கேற்பப் பைலிண்டின் அமைவுக் கோப்பில் குறிப்பெயர் பற்றிய விதியையும், வரவழைப்பின் பெயர் பற்றிய விதியையும் பெயர் குறிப்பிட்டு விலக்கலாம். கோப்பின் பெயர் பற்றிய விதியை விலக்காமல் விடலாம். ஒவ்வொரு வரியின் முடிவிலும் விலக்குக் குறிப்பு எழுதுவதினும், அமைவுக் கோப்பில் ஒருமுறை வெளிப்படையாக எழுதுவதே சிறந்தது. பின்னர் அக்குழுவில் சேரும் நான்காமவர், இது கவனக்குறைவால் நேர்ந்ததன்று, குழுவினர் கூடி எடுத்த முடிவு என்பதை அங்கே கண்டறிவார்.

அறிவிக்கப்படாத பெயரைச் சுட்டும் விதியை மட்டும் எக்காரணத்தாலும் விலக்குதல் ஆகாது. ஓரிடத்தில் ஔகாரத்தோடும், மற்றோரிடத்தில் ஒகர ளகரத்தோடும் எழுதப்பட்ட ஔவையை மனிதக் கண் தவறவிடும், அவ்விதி தவறவிடாது.

கற்பவை கற்றபின்…

மதுரைக்குக் கூடல், ஆலவாய் முதலிய பெயர்கள் வழங்குகின்றன. உங்கள் ஊருக்கும் அதன் தெருக்களுக்கும் வழங்கும் மாற்றுப்பெயர்களைத் திரட்டி, முறையான பெயர் இடப்புறமும் வழக்குப்பெயர் வலப்புறமும் அமைய ஒரு பட்டியல் உருவாக்குக. அவற்றுள் காரணப்பெயர்கள் எவை, காரணம் மறைந்துபோனவை எவை என வகுப்பறையில் கலந்துரையாடுக.

'ஔவை', 'ஒளவை' ஆகிய இரண்டையும் கணினியில் தட்டச்சு செய்து, ஒன்றைத் தேடும்போது மற்றது கிடைக்கிறதா எனச் சோதித்து, காரணத்தை ஒருபக்க அளவில் எழுதுக.